அரைப்பேர் போட்ட மாநாடு

மாநாட்டு அழைப்பிதழின் மாதிரியை ஸ்டெல்லா போன வாரம் எனக்கு அனுப்பியிருந்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஆய்வு மையத்தின் அலுவலகப் பொறுப்பு அவளிடம்தான் இருக்கிறது. "சார், ஆசியவியல் மாநாடு மறுபடியும் நம்ம மலைக்கே வருதுங்க. மாநாட்டு மலருக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. சிரிச்சுப் படிக்கிற மாதிரி நாலு பக்கம் போதுங்க" என்று போனில் சொன்னாள். எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அழைப்பிதழின் இரண்டாவது வரியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. முதல் மாநாடு நடந்த அதே பழைய தேயிலை ஃபேக்டரியில், 'பாரம்பரியச் சங்கொலியுடன் தொடக்க விழா' என்று போட்டிருக்கிறது.

ஸ்டெல்லா, உனக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆகையால் நானே எழுதுகிறேன். சிரிக்கிற மாதிரி வராது, மன்னித்துக்கொள்.

நான் குன்னூர்க்காரன். அப்பா சர்ச்சில் உபதேசியார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு மையத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவன், நாற்காலி நாற்காலியாக நகர்ந்து கடைசியில் மேனேஜர் ஆனேன். நடுவில் நடந்ததெல்லாம் யாருக்கும் சுவாரஸ்யமில்லை. எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றுதான்: என்னென்ன கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே பயப்படுவது. மலைப்பாதையில் மண் சரியும், கரண்ட் போகும், ஜப்பான்காரருக்கு வயிற்றால் போகும், வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பெயரைப் போலீஸ் ஸ்டேஷனில் பதிய விட்டுப்போகும். மாநாடு நடத்துகிறவனுக்கு இந்தப் பயம் வேண்டும். வீட்டில் மட்டும் என் மனைவி, "ஏனுங்க, தூக்கத்துல கூட லிஸ்ட் வாசிக்கிறீங்களே" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

என் மேலதிகாரி கமலவேணி அம்மா, மையத்தின் இயக்குநர். ஒல்லியான உருவம், சேலைக்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர், எந்நேரமும் நேராக நிற்கிற முதுகு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக "சாமுவேல், அந்த ஃபைல எடு" என்பவர், "சாமுவேல் சார், கொஞ்சம் வர்றீங்களா" என்று கூப்பிட்டால், எந்த ஃபைலில் என்ன தப்பு என்று போகிற வழியிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். தெரியாததைத் தெரிந்ததுபோல ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "பாக்கலாம்", "முயற்சி பண்றோம்" என்ற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை.

நன்கொடை கேட்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. போகிற இடத்தில் பதில் வரும்வரை டீயைத் தொட மாட்டார். "முதல்ல பதிலச் சொல்லுங்க, அப்புறம் டீ குடிக்கலாம்" என்று கப்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிடுவார். தேயிலைக்காரர்கள் வீட்டில் டீயை வேண்டாம் என்பது லேசான காரியமில்லை. அவர்களுக்குத் தாங்காது, சீக்கிரம் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். மாநாடு நமக்குக் கிடைத்த சமயத்தில் இப்படித்தான் ஏழெட்டுத் தோட்டங்கள் வாக்குக் கொடுத்தன. செலவில் பாதியை வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று தரும், மீதியை உள்ளூரில் திரட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

அப்போதுதான் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் எழவே இல்லை. பச்சைக் கொழுந்தைப் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை என்று சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். வாக்குக் கொடுத்தவர்களை மறுபடி பார்க்கப் போனால், ஜீப்பை விட்டு இறங்கும்போதே டீ வந்துவிடும். டீ முதலில் வந்தால் பணம் இல்லை என்று எனக்கும் புரிய ஆரம்பித்தது. கோத்தகிரியில் ஒரு ஃபேக்டரிக்காரர் மறைக்காமலே சொன்னார்: "குடிங்கம்மா, நல்லாக் குடிங்க. இந்த வருசம் எங்ககிட்ட இருக்கிறது அது ஒண்ணுதானுங்க." அம்மா அன்றைக்கு அந்த டீயைக் குடித்தார்.

மாநாடு நின்றால் மையத்தை மூடிவிடுவது என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது. எனக்கு அப்போது இரண்டு பெண்கள், இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். மலையில் அந்த வயதில் எனக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

அந்த நேரத்தில் எங்களைத் தேடி வந்தவர்தான் சின்ன முதலாளி. அவருடைய அப்பா நடத்திய தோட்டம், கிளென்மார்கன் போகிற பக்கம். ஃபேக்டரியை மூடிப் பல மாதம் ஆகியிருந்தது. ஆட்களுக்கு நோட்டீஸ்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று யூனியன் கேஸ் போட்டிருந்தது. "ஹாலுக்கு நீங்க ஊட்டியில அலைய வேண்டாம்மா. எங்க ஃபேக்டரி மாடி சும்மாதான் கெடக்குது. வாடகையே வேண்டாங்க" என்றார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்தால் தோட்டத்தை வாங்கவோ, கூட்டுச் சேரவோ யாராவது கிடைப்பார்கள் என்பது அவருடைய நப்பாசை. அம்மா யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். யோசிக்க எங்களுக்கு என்ன இருந்தது?

பறித்த கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்கான மாடி அது. நீளமென்றால் அப்படியொரு நீளம், இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல், உள்ளே நுழைந்ததும் மரப்பலகையில் ஊறிய தேயிலை வாசம். உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அப்படி ஒரு கூடம் இருக்காது என்று அம்மா சந்தோஷப்பட்டார். நாங்கள் கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம், லாரியில் நாற்காலி கொண்டுவந்து இறக்கினோம், ஜெனரேட்டர் வைத்தோம். ஃபேக்டரிக்குக் கீழே சரிவில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயன் வீடுகள். பாதிக்கு மேல் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். வேலை நின்ற பிறகும் போக இடமில்லாமல் அங்கேயே இருந்தார்கள். நாங்கள் வேலை செய்த நாளெல்லாம் அவர்கள் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் போய்ச் சொல்லவில்லை. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்றுதான் தெரியவில்லை. எத்தனையோ விஷயத்துக்குப் பயந்த நான் அதற்கு மட்டும் சரியாகப் பயப்படாமல் போய்விட்டேன்.

ஃபேக்டரிச் சங்கு, அதாவது சைரன், ஊதுவது சின்ன முதலாளியின் யோசனை. "குத்துவிளக்கு எல்லா எடத்துலயும் ஏத்துறாங்க. நாம ஃபேக்டரிச் சங்கு ஊதித் தொடங்கலாங்களே" என்றார். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. வாட்ச்மேன் போஜன், பக்கத்து ஹட்டிக் கிராமத்துப் படகர், அந்தத் தோட்டத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள். அவர் சங்கைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு, "ஓடுமுங்க, ஓடாம எங்க போகுது" என்று பெருமையாகச் சொன்னார். அது ஊதாமல் போய்விடுமோ என்பதுதான் எனக்கிருந்த பயம்.

ஊதியது. தொடக்க விழா அன்று காலை, பனி இன்னும் விலகவில்லை. முதலில் கரகரத்து, அப்புறம் கிளம்பி, மலை மலையாக மோதித் திரும்பி வந்தது. கூடத்தில் இருந்த பேராசிரியர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அறக்கட்டளையின் பிரதிநிதியாக வந்திருந்த வெள்ளைக்கார அம்மா கேமராவை எடுத்தார். கமலவேணி அம்மா வரவேற்புரையை ஆரம்பித்தார். ஜன்னல் ஓரமாக நின்றிருந்த நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன்.

லயன் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. படிக்கட்டுப் பாதை முழுக்க ஆட்கள். பெண்கள் முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் சாக்கைக் கட்டியபடியே ஓட்டமும் நடையுமாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கூந்தலை முடியாமல் வந்தாள், ஒருத்தி வாயில் எதையோ மென்றபடி வந்தாள். ஆண்கள் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்தார்கள். ஃபேக்டரிக்கு முன்னால் இருக்கிற களத்தில், தினமும் காலையில் ஆள் கணக்கு எடுப்பார்களே, அதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள், அங்கே வந்து பழைய வரிசையில் நின்றுவிட்டார்கள். எல்லா முகமும் மேலே எங்களைப் பார்த்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சங்கு ஊதிவிட்டது. ஃபேக்டரி திறந்துவிட்டது என்று வந்திருக்கிறார்கள்.

இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? கத்தி வேறு இருக்கிறது. பின்பக்கப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் என்னை வெளியே இழுத்தார். "என்னய்யா இது? கலெக்டர் வர்ற நேரம். அரை மணி நேரத்துல களத்தக் காலி பண்ணச் சொல்லுங்க. இல்லாட்டி நான் பண்ணிக்கறேன்" என்றார். அவருக்குப் பின்னால் போலீஸ்காரர்கள் வேனிலிருந்து லத்திகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். களத்தில் முன் வரிசை முழுக்கப் பெண்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்கிறாள். நம்முடைய சங்கு, நாம் கூப்பிட்டு வந்தவர்கள், அவர்கள் மேலே அடி விழப்போகிறது. அதற்கு முன்னால் பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை.

நான் மேடைக்குப் போய் அம்மாவின் காதில் சொன்னேன். அவர் பேச்சை ஒரு வாக்கியத்தில் முடித்து, அடுத்தவரைப் பேசச் சொல்லிவிட்டு, "வாங்க சாமுவேல் சார்" என்றார். அந்த 'சாரில்' இருந்த கோபம் என் மேல் இல்லை, அவருக்கு அவர் மேலேயே வந்தது என்று நினைக்கிறேன். சின்ன முதலாளி முகம் வெளுத்துப்போய் படியிலேயே நின்றுவிட்டார்.

களத்தில் இறங்கியதும் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஃபேக்டரி தொறக்கலீங்க. இங்க ஒரு கூட்டம் நடக்குது, அதுக்கு ஊதுன சங்கு. உங்களக் கேக்காம ஊதுனது எங்க தப்புங்க" என்றார்.

முன் வரிசையிலிருந்து ஒரு பெண் நகர்ந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், கறுத்துக் காய்த்த விரல்கள், மூக்கில் கல் வைத்த மூக்குத்தி. பெயர் ரெத்தினம் என்று பின்னால் தெரிந்தது.

"எங்களுக்கு இல்லையா அந்தச் சங்கு?"

"இல்லீங்க."

"அப்ப சரி. அரைப்பேரப் போட்டு அனுப்புங்க, நாங்க போறோம்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ரெத்தினம் பொறுமையாகச் சொன்னார். "ஒரு நாள் வேலன்னா ஒரு பேருங்கம்மா. சங்கு ஊதிப் பெரட்டுக்கு வந்தவங்கள வேல இல்லன்னு திருப்புனா அரைப்பேர், அதான் அரை நாள் கூலி, போடணும். மழை கொட்டுனாலும் அதான், மிசினு நின்னாலும் அதான். இலங்கையில கண்டிச் சீமைத் தோட்டத்துலயும் அப்படித்தான் குடுத்தாங்க, இங்க பெரிய தொர இருந்தப்பவும் குடுத்தாங்க. நாங்க ஒண்ணும் பிச்ச கேக்கல."

இதைக் கேட்டதும் சின்ன முதலாளி பதறி ஓடி வந்தார். "ஐயோ, போட்டுறாதீங்கம்மா! பேர் போட்டா ஃபேக்டரி நடக்குதுன்னு ஆயிரும். கேஸுல நான் செத்தேன்" என்றார். அந்தப் பக்கம் சப்-இன்ஸ்பெக்டர் கையைத் திருப்பி வாட்சைக் காட்டினார். இந்தப் பக்கம் அத்தனை கண்ணும் அம்மாவின் மேல்.

"உங்க பேர்ல வேண்டாங்க. சங்கு மாநாட்டுச் சங்கு. மாநாட்டுப் பேர்ல போடறோம்" என்றார் அம்மா. என்னிடம் திரும்பி, "பிரதிநிதிகளப் பதிவு பண்ற மேசைய இங்க தூக்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

அப்படித்தான் நடந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்ட அதே மேசையில் அவர்கள் ஒவ்வொருவராக வந்து பெயர் சொன்னார்கள், நான் எழுதி அரைப்பேர்ப் பணத்தைக் கையில் கொடுத்தேன். வெள்ளைக்கார அம்மா இறங்கி வந்து, இவர்கள் யார், எந்தக் கணக்கில் இந்தப் பணம் என்று கேட்டார். "கடைசி நாள் விருந்தை நிறுத்திவிட்டோம். அந்தக் கணக்கில்" என்று அம்மா இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்கார அம்மா வரிசையைப் பார்த்தார், கேமராவை மூடிவிட்டு மேலே போய்விட்டார். ஆட்கள் சொன்ன சொல்படி களத்தைக் காலி செய்தார்கள். லத்திகள் வேனுக்குத் திரும்பின. கலெக்டர் வந்தபோது களத்தில் கூடைத் தடம்கூட இல்லை.

பிழைத்தோம் என்று நினைத்தேன். மறுநாள் காலை, ஊட்டியிலிருந்து எங்கள் பஸ் ஃபேக்டரி வளைவில் திரும்பியபோது களம் நிறைந்திருந்தது.

"சங்கு ஊதுனியா?" என்று போஜனிடம் பாய்ந்தேன். "சாமி சத்தியமா இல்லீங்க சார், ஃபியூஸ நேத்தே புடுங்கிட்டனுங்க" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார்.

நான் ரெத்தினத்திடம் போனேன். "ஏனுங்கம்மா, இன்னிக்குச் சங்கே ஊதலீங்களே?"

"நேத்துப் பேர் போட்டீங்கல்ல தம்பி" என்றார். "பேர் போட்டா மறுநா வேலைக்கு வரணும். சும்மா வாங்கித் தின்னுட்டு ஊட்டுல குந்தியிருக்க முடியுமா? நேத்து அரைப்பேருக்கும் சேத்து வேல செஞ்சிட்டுப் போறோம்."

தடுப்பதற்குள் செடிக்குள் இறங்கிவிட்டார்கள். பல மாதம் கவ்வாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்த செடி. உள்ளே புத்த விகாரங்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே கிளைகள் ஒடிகிற சத்தம் கேட்கிறது. மத்தியானம் கூடை கூடையாகக் கொழுந்தைக் கொண்டுவந்தார்கள். எடை போட ஆள் இல்லை. மாடிக்குத்தானே கொழுந்து போகும்? நாற்காலிகளுக்குப் பின்னால், கூடத்தின் பாதி நீளத்துக்கு, பழக்கப்பட்ட கையால் பரப்பிவிட்டுப் போனார்கள். பேராசிரியர்களில் சிலர் அதை ஏதோ கலைநிகழ்ச்சி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

நான் போன் போடாத ஃபேக்டரி இல்லை. "வர்ற கொழுந்தையே நாங்க திருப்பி அனுப்பறோமுங்க" என்றுதான் பதில் வந்தது. கடைசி நாள் காலையில் கூடத்துக்குள் நுழைந்தபோது புளித்த வாடை அடித்தது. கொழுந்துக்குள் கையை விட்டேன். சுட்டது. அடியில் கறுத்துக்கொண்டு வந்தது. மூடிக் கிடக்கிற ஃபேக்டரிக்குள் அது உயிரோடு சூடேறிக்கொண்டிருந்தது. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து நிறைவு விழாவை முடித்தோம். மாநாடு வெற்றி என்று அறக்கட்டளை எழுதியது. மையம் பிழைத்தது, என் வேலை பிழைத்தது.

அன்று சாயங்காலம் நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ரெத்தினம் தனியாக ஏறி வந்து, ஜீப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்டார்.

"நாளைக்கும் உண்டுங்களா?"

அம்மா இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பெரிய மனிதர்கள் முகத்துக்கு நேராக அவர் இல்லை என்று சொல்லி நான் பார்த்திருக்கிறேன்! அன்றைக்கு அவருக்கு வரவில்லை.

"சங்கு ஊதுனா வாங்க" என்றார்.

"சரிங்கம்மா" என்று சொல்லி ரெத்தினம் இறங்கிப் போனார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. ஜீப் ஊட்டியைத் தாண்டி லவ்டேல் பக்கம் இறங்கியது. அம்மா, "சாமுவேல், நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அதன் பிறகு அந்தத் தோட்டத்தின் பெயரை அவர் எடுத்ததே இல்லை. இப்போது அவரும் இல்லை.

ஸ்டெல்லா, உன் அழைப்பிதழைப் பார்த்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நேற்று பஸ் பிடித்து அங்கே போய் வந்தேன். ஃபேக்டரியை வாங்கியவர்கள் கண்ணாடி போட்டு ஹோட்டல் மாதிரி வைத்திருக்கிறார்கள். கீழே லயனில் பாதி இடிந்து கிடக்கிறது, மீதியில் ஆள் இருக்கிறார்கள். ரெத்தினம் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். நன்றாக மூப்புத் தட்டிவிட்டது. காது மந்தம். நான் யாரென்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேல சங்க ரிப்பேர் பாக்குறாங்களாமே தம்பி, நெசமா?" என்றார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆணியில் கூடை தொங்கியது. அதில் தூசி இல்லை.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். அழைப்பிதழில் அந்த வரியை எடுத்துவிடு, தாயே. எடுக்க முடியாது, ஊதித்தான் ஆக வேண்டும் என்று மேலே சொன்னார்களென்றால், முதலில் களத்தில் மேசை போட்டு, பேர் எழுத ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டு ஊது.